வெறும் தண்ணீர்க் கிண்ணம்

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தேன். கண்ணாடி போன்ற பொடிமீன் முட்டைகளை மருந்துச் சாற்றில் விட்டு, உள்ளே துடிக்கும் இதயம் நிற்கிறதா என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. குற்றாலத்தில் கர்ப்பிணிகளின் வாந்திக்கு வேர் விற்ற பேச்சியம்மாளிடம் கொஞ்சம் வாங்கி, அருவித் தண்ணீர் சுத்தமானது என்று நம்பி அதிலேயே ஊறவைத்தேன். அந்தச் சாற்றில் விட்ட முட்டைகளில் மறுநாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நேரே அவளிடம் போனேன். "இது விஷம். இனி விற்காதே."

அவள் வேர்க்கூடையையே வெறித்தாள். "எம் மவளுக்கு இதத்தானய்யா குடுத்தேன். பிள்ள செத்துல்லா பொறந்துச்சு!"

இரண்டு மாதம் கழித்து, வேறொரு சோதனைக்காக வெறும் அருவித் தண்ணீரில் முட்டைகளை விட்டேன். அவையும் செத்தன. குளிப்பவர்களின் எண்ணெயும் சோப்பும் கலந்து ஓடும் இடத்தில் நான் தண்ணீர் பிடித்திருந்தேன். முதலில் வெறும் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது மாணவர்களுக்கு நானே நடத்தும் பாடம்.

பேச்சியம்மாளைக் காணவில்லை. தென்காசியில் மகள் வீட்டைத் தேடிப் போய், வேர் விஷம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமே இல்லை என்றேன்.

"அம்மா போய்ச் சேந்து ஒரு மாசமாச்சு சார். சாவுத வரைக்கும் எங் காலப் புடிச்சு அழுதா. நான் மொகங்குடுத்துப் பேசவே இல்ல. இத இப்ப வந்து சொல்லுதியளே!"

திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும். உள்ளே போய், எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.