சீட்டுக்கு அடியில் ஒட்டிய தகடு

நான் மோட்டார் சைக்கிள் பந்தயத்தை விட்டது பயத்தினால் அல்ல. எனக்குப் பயமே வரவில்லை. என் வீட்டுக்காரிக்கு அதுதான் பிரச்சினை.

பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் நான் ஃபிட்டர். வாரம் முழுக்க ரோலருக்கு எண்ணெய் விடுவதும், டீமேக்கரிடம் ஏச்சு வாங்குவதும்தான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பி, கலவான டவுன் வரைக்கும்கூட மலை ரோட்டில் போய்விட்டு வருவேன். சித்திரைப் புத்தாண்டுக்கு, மலைக்குக் கீழே சிங்களக் கிராமங்களில், அறுத்து முடித்த வயலில் பந்தயம் வைப்பார்கள். அதில் ஒரு வருஷம் மண்மேட்டைத் தாண்டிய சைக்கிள் என்மேலேயே வந்து விழுந்தது. தொடை எலும்பு போய், இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் காலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தேன். சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறி வந்தவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"இனி அந்தச் சனியன்ல ஏறுனீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். புள்ளைங்கள நீங்களே பாத்துக்கங்க."

சொன்னால் செய்கிறவள். ஏறவில்லை. கால் கூடிய பிறகும் சைக்கிள் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதன் சட்டம் வளைந்திருந்தாலும் எஞ்ஜின் நன்றாகவே இருந்தது, என்னைப் போல.

யோசனை சொன்னது, நான் 'நானா' என்று கூப்பிடுகிற முஸ்லிம் சிநேகிதர். பலாங்கொடை டவுனில் மரக்கறி மொத்த வியாபாரம், சொந்த லொறி. முன்பு என்னோடு வயல் பந்தயங்களில் ஓடி, தொந்தி விழுந்ததும் விட்டவர். கொழும்புப் பக்கம், தரையோடு ஒட்டி ஓடுகிற நாலு சக்கரக் கார்ட் பந்தயம் நடக்கிறது, சின்னத் தார் ரோட்டில் சுற்றிச் சுற்றி ஓடுவது, வீட்டில் செய்துகொண்டு வருகிறவர்களுக்கென்று தனி ஓட்டமும் இருக்கிறது என்றார். புது சைக்கிள் வாங்க நமக்கு எங்கே வழி. இதற்குப் பழைய எஞ்ஜினும் நாலு துண்டுக் குழாயும் போதும்.

"இதுல விழ எடமே இல்ல தம்பி," என்று சிரித்தார். "நாங்க ஏற்கெனவே நெலத்துலதான் ஈக்கிறம்."

இதையேதான் என் வீட்டுக்காரியிடம் நானும் சொன்னேன். நாலு சக்கரம் என்றதும் கொஞ்சம் இளகினாள்.

குழாயை வளைத்து வெல்டிங்கில் ஒட்டினேன். நானா கொழும்பிலிருந்து தேய்ந்த கார்ட் டயர்கள் கொண்டுவந்து தந்தார். ஒரு பிளாஸ்டிக் கதிரையின் காலை அறுத்துச் சீட்டாக்கினேன். ஆனால் ஓட்டிப் பார்க்க இடம்? கார்ட்டின் வயிறு தரையிலிருந்து இரண்டு விரல்கூட இல்லை. எங்கள் ரோட்டில் ஒரு கல் போதும், அடிப்பாகம் கிழிந்துவிடும். சப்ரகமுவ மலையில் சமதரை எங்கே இருக்கிறது! காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுக்களம் ஒன்றுதான் இருந்தது. தொரை கிளப்புக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில், வோச்சரைக் கெஞ்சிக் கூத்தாடி, அதில் சுற்றுவேன். கொழுந்து நிறுக்கிற மடுவம், கொடிக்கம்பம், மதில், மறுபடி மடுவம். வார நாளில் எந்த இடத்தில் கையைக் கட்டி நின்றேனோ அதே இடத்தை ஞாயிற்றுக்கிழமையும் சுற்றிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் நான் போன மலையெல்லாம் மதிலுக்கு வெளியே தெரிந்தது. எரிச்சலாக வரும். செக்குமாடு மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் வாய்விட்டேன். மடுவத்துப் படியில் உட்கார்ந்திருந்தவள், "மாடு ஆஸ்பத்திரியில கெடக்கலீங்களே," என்றாள்.

ஒருதரம், ஒரேதரம், மற்றவர்களோடு ஒரு நிஜப் பந்தயத்தில் ஓட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சமாதானப் பேச்சு முறிந்து வடக்கில் மறுபடி சண்டை தொடங்கியிருந்த காலம். கொழும்புக்குப் போவதென்றால் எங்கள் ஆட்கள் இரண்டு தரம் யோசித்தார்கள். போட்டி ஒன்று வருகிறது, லொறியில் மரக்கறியோடு ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நானா சொன்னதும் நான் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. யோசித்ததெல்லாம் அவள்தான். கோயில் பூசாரியிடம் போய் செப்புத் தகட்டில் மந்திரம் கீறி, திருநீறும் ஏதோ வேரும் வைத்துச் சுருட்டி, சின்ன விரல் அளவுக்குக் குழாயாக வாங்கி வந்துவிட்டாள். கறுப்பு நூல் சுற்றியிருந்தது.

"இது வண்டியில இருந்தாத்தான் நீங்க போறீங்க. பிரிச்சிறக் கூடாதாம். பிரிச்சா காப்பு போயிருமாம்."

நூலில் கட்டினால் அதிர்வுக்கு விழுந்துவிடும் என்று, ஃபிட்டர் மூளை வேலை செய்தது எனக்கு. சீட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்கோடு சேர்த்து, கறுப்பு வயர் டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். சுவிட்சுக்குப் போகிற வயரையும் அதே டேப்பில் பிடித்துவிட்டேன். வேலை சுத்தமாக இருந்தது. அவளும் குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டாள்.

கொழும்பு ரோட்டில் ஒரு சோதனைச் சாவடி. கோவா, லீக்ஸ் மரக்கறி மூட்டைகள் எல்லாம் இறக்கப்பட்டன. அடியில் சாக்கு மூடிய கார்ட். நம்பர் பிளேட் இல்லாத, வயரும் குழாயுமான ஒரு சாமான். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம்.

"மேக்க மொகத்த?" இது என்ன என்று கேட்டான் ஒரு பொடியன் சிப்பாய்.

"ரேஸ் கார் எக்கக், சேர்," என்றேன். என் சிங்களத்தில் ஒரு பிசிறும் இருக்காது. அது அன்றைக்கு எனக்கு நன்மை செய்ததா தெரியாது. அவன் சீட்டுக்கு அடியில் டோர்ச் அடித்தான். பிறகு அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். டேங்க், டேப், வயர், செப்புக் குழாய். அவன் கண்ணால் பார்த்ததும் எனக்கும் அது குண்டாகத்தான் தெரிந்தது.

லொறியோடு பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கார்ட்டை முற்றத்து நடுவில் வைக்கச் சொன்னார்கள். அது சூரயம், தாயத்து, சாமித் தகடு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நிலையத்துப் பெரியவர் கேட்டுக்கொண்டார். தன் கையிலும் பிக்கு ஓதிய பிரித்நூல் கட்டியிருந்தார், விளங்காமல் இல்லை. ஆனால் யாரும் கிட்டே வரத் தயாரில்லை. எல்லோரும் மதிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். நானாவையும் இழுத்துக்கொண்டார்கள். என்னை மட்டும் முற்றத்தில் விட்டு, நீயே பிரி என்றார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. பிரித்தால் காப்பு போய்விடும் என்ற அவள் குரல் வேறு காதுக்குள். டேப்பை உரித்தேன், நூலை அறுத்தேன், தகட்டை விரித்தேன். திருநீறு கொட்டியது. வேர்த்துண்டு விழுந்தது. தகட்டை மதில் பக்கம் தூக்கிக் காட்டினேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சிரிக்கவில்லை.

அதோடு விட்டார்களா? பெரியவர் தகட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "எலவலா பென்னன்ன," என்றார். ஓடுகிற வண்டிதான் என்றால் ஓட்டிக் காட்டு என்கிறார்.

கேட்டை மூடினார்கள். முற்றம் எங்கள் பெரட்டுக்களத்தை விடப் பெரிது, சீமெந்துத் தரை. நடுவில் அரசமரம், மூலையில் கைப்பற்றிய வண்டிகள். எஞ்ஜின் ஒரே இழுவையில் பிடித்துக்கொண்டது. முதல் சுற்று மெதுவாகப் போனேன். அரசமரத்தைத் திரும்பும்போது பின்சக்கரம் வழுக்கி, தானே நேராக வந்தது. இத்தனை நாள் மண் தரையில் அது வந்ததே இல்லை. அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. மரம், வண்டிகள், மூடிய கேட், துவக்கோடு நிற்கிறவன், மறுபடி மரம். பொலிஸ்காரர்கள் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். ஒருத்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக் கத்தினான். அந்தப் பொடியன் சிப்பாய் விசிலடித்தான். அவர்கள்மேல் இருந்த ஆத்திரத்தில் ஓட்டினேன். ஓட்ட ஓட்ட, சந்தோஷமாகவும் இருந்தது. அன்றைக்குப் போல நான் அதற்கு முன்பும் ஓட்டியதில்லை, பின்பும் ஓட்டியதில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். என் வாழ்க்கையின் நல்ல ஓட்டத்தை, பூட்டிய கேட்டுக்குள், அவர்களுக்குக் காட்டிவிட்டு வந்தேன்.

பெட்ரோல் தீர்ந்து கார்ட் நின்றது. பெரியவர் தோளில் தட்டி, தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். விலாசத்தை எழுதிக்கொண்டு விட்டார்கள். பந்தயம் அதற்குள் முடிந்திருக்கும். லீக்ஸ் வாடிப்போயிருந்தது. நானா லொறியை ஊர்ப் பக்கம் திருப்பினார்.

பொழுது சாய்கிற நேரம் பெரட்டுக்களத்தில் இறக்கினோம். அவள் பிள்ளைகளோடு ஓடி வந்தாள். காலைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"எத்தனாவதா வந்தீங்க?"

"மொதல்."

"மெய்யாவா? எத்தன பேரு ஓடுனாங்க?"

"நான் மட்டுந்தான்."

அவள் நானாவைப் பார்த்தாள். அவர் லொறியின் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினாள். டேப்பின் பசை மட்டும் விரலில் ஒட்டியது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு பிரிச்சா?"

"நான்தான்," என்றேன். "என்னயத்தான் பிரிக்கச் சொன்னாங்க."