பலா நிழலில் ஒரு தட்டுப் பூ

"எந்திரிங்கடி, மாப்பிள்ளை வந்துட்டாரு" என்றபடி சொர்ணவல்லி காசித்தும்பைத் தொட்டியை இரண்டு சாண் கிழக்கே நகர்த்துகிறாள். மாப்பிள்ளை என்பது வெயில். பலா இலைகளின் இடுக்கில் புகுந்து, காலை ஒன்பது மணிக்கு அம்மிக்கல் ஓரம் முறம் அளவுக்கு விழும். அரை மணி இருந்துவிட்டுத் துவைகல் பக்கம் போய்விடும். தொட்டிகளும் பின்னாலேயே போகும். தொட்டி என்றால் விரிசல் விட்ட பானை, ஓட்டைக் குடம், மண்ணெண்ணெய் டின்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம் ஆலங்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கொல்லையில் இரண்டு பெரிய பலா. கணவன் ஆண்டியப்பனுக்குப் பலாப்பழ வியாபாரம். மரத்தில் கை வைக்கிற பேச்சே கிடையாது. வந்த புதிதில் மல்லிகை வைத்தாள். கொடி நீண்டதே தவிர ஒரு மொட்டு இல்லை. ரோஜா ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. "ஒங்க கொல்லையில காளாந்தான் மொளைக்கும்" என்று அடுத்த வீட்டு அழகி சொன்னது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு நிழலோடு சண்டை போடுவதை விட்டுவிட்டாள். வெயில் கேட்காத செடியாகத் தேடினாள். கிணற்றுச் சுவரிலிருந்து பெரணி வந்தது. டாக்டர் வீட்டில் கெஞ்சி, சிவப்புப் புள்ளி போட்ட வண்ணச் சேம்பு வாங்கினாள். பொங்கலுக்குச் சுண்ணாம்பு கரைத்தால் முதல் பூச்சு கொல்லைச் சுவருக்குத்தான். "செவுரு வெளுத்தா செடிக்கு வெளிச்சம் அடிக்கும்ங்க. வாச செவுரப் பாத்து எந்தச் செடி பூக்குது?" என்பாள். உதிர்ந்த பலா இலை ஒன்றையும் வெளியே விடமாட்டாள். எல்லாம் மக்கி எருவாகும். இன்று அந்தக் கொல்லைக்குள் நுழைந்தால் சித்திரை மதியத்திலும் கண் குளிரும்.

ஒரே ஒரு ஏக்கம். பங்குனியில் அம்மனுக்குப் பூச்சொரிதல் நடக்கும். பெண்கள் தட்டுத் தட்டாகப் பூ எடுத்துப் போவார்கள். பதினான்கு வருடமாகச் சந்தைப் பூவையே எடுத்தவள், ஒரு தடவையாவது தன் கொல்லைப் பூவைத் தட்டு நிறைய எடுக்க ஆசைப்பட்டாள். இந்த வருடம்தான் பலாவடிப் பாத்தியில் கனகாம்பரம் சொல்லிவைத்தது போலக் கதிர் விட்டிருந்தது.

பூச்சொரிதலுக்குப் பத்து நாள் முன்பு கறம்பக்குடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் திரும்பினாள். கொல்லைக் கதவைத் திறந்தால் கண் கூசியது. பலாவின் தெற்குக் கிளை வெட்டிக் கிடந்தது. அதிகம் காய்க்கிற கிளை அதுதான். பக்கத்தில் ஆண்டியப்பன் முகமெல்லாம் சிரிப்பாக நின்றான்.

"ஒனக்காகத்தான் புள்ள. நல்லா வெயில் படட்டும்னு வெட்டுனேன்."

கூடவே இருந்தும் அவள் செடிகளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வண்ணச் சேம்பு கருகிச் சுருண்டிருந்தது. கனகாம்பரம் தலை தொங்கிக் கிடந்தது. சொர்ணவல்லிக்கு அழுகை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனம் வரவில்லை.

"அரை மணி வந்துட்டுப் போற மாப்பிள்ளைய வீட்டோட இருத்திட்டீங்களே" என்றாள்.

அவனுடைய நாலு வேட்டிகளைக் கொம்பு நட்டுக் கட்டிப் பாத்திக்குப் பந்தல் போட்டாள். துணி எட்டாத மூலைக்கு ஆண்டியப்பன், கறுப்புக் குடையோடு. குடையையும் ஒரு கொம்பில் கட்டியிருக்கலாம். அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. உச்சி வெயிலில் மூன்று மணிவரை நிற்பான். குடை மெல்ல அவன் வழுக்கைப் பக்கம் சாயும். மோர் கொண்டு வருகிறவள் அதைச் செடிப் பக்கம் தள்ளிவிடுவாள்.

"அங்கிட்டுப் பிடிங்க. ஒங்க தலை ஒண்ணும் பூக்கப் போறதில்ல."

கனகாம்பரம் நிமிர்ந்தது. பூச்சொரிதல் காலையில் பித்தளைத் தட்டு விளிம்புவரை நிறைந்தது. "இம்புட்டும் ஒங்க கொல்லையா?" என்று அழகி இரண்டு தடவை கேட்டாள். சொர்ணவல்லி இரண்டு தடவையும் பதில் சொன்னாள், சற்று உரக்கவே.

தட்டைத் தலையில் வைத்து நடந்தாள். பத்து மணி வெயில். ஒரு வாரப் பழக்கத்தில் ஆண்டியப்பன் பக்கத்தில் நடந்தபடி பூவுக்கு நேராகக் குடை பிடித்துக்கொண்டு வந்தான். அவள் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல், மறு கையால் குடையை அவன் தலைப் பக்கம் சாய்த்துவிட்டாள்.