நாற்பது யானை, ஒரே கோணல்

போன ஞாயிறு, சர்ச் முடிந்த கையோடு எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, "யார்னா பசங்களுக்குக் குடுத்துடுங்கக்கா. நாளைலேர்ந்து கம்பெனிக்குப் போறேன்" என்றாள்.

பெட்டிக்குள் முப்பது யானை. துணி யானை, உள்ளே பஞ்சு.

"டாக்டர் சொன்னது மறந்துட்டியா?"

"மறக்கலக்கா."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னாக்கா... ஸ்கூல் தொறந்துட்டாங்க. பசங்களுக்கு ஃபீஸ் கட்டணும்."

காபி போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். பழைய யூனிஃபார்ம் கோட்டைத் தேடி எடுத்துத் துவைக்க வேண்டுமாம். போய்விட்டாள்.

இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். கேட்காமலே யோசனை சொல்கிற ஜாதி நான். முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் யோசனை சொல்லிச் சொல்லி, ரிட்டயர் ஆன பிறகும் அது நிற்கவில்லை. பெரும்பாலும் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை, அதனால் யாருக்கும் சேதமில்லை. எஸ்தர் கேட்டாள். அதுதான் வினை.

எஸ்தர் எங்களுக்குப் பின் தெரு. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவள். வெளிநாட்டுக்குப் போகிற ஒரு வகை ஷூ இருக்கிறது, அதன் மேல்தோலைக் கையால்தான் தைக்க வேண்டும். மெழுகு தடவிய நூல், தடித்த ஊசி. ஒரு இன்ச்சுக்கு இத்தனை தையல் என்று கணக்கு. ஒரு தையல் தள்ளி விழுந்தால் அந்த ஜோடி ரிஜெக்ட். எஸ்தர் தைத்ததில் ரிஜெக்ட் ஆனது ரொம்பக் கம்மி என்று அவள் கணவர் பெருமையாகச் சொல்வார். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

அதே ஷெட்டில், பக்கத்து லைனில், ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுவதற்கு சொல்யூஷன் என்கிற பசையைப் பூசுகிறார்கள். அந்த வாடை உங்களுக்குத் தெரியுமா? ஐந்து நிமிஷம் நின்றால் நமக்குத் தலை கிர்ரென்கிறது. இவள் பதினாலு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் வீசிங் வந்தது. வருகிற வழியில் பஸ்ஸிலேயே ஒரு தரம் மூச்சு நின்றுவிடும் போலாகி, பக்கத்தில் இருந்த பெண்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "இனிமே அந்த வாடைகிட்டயே போகக் கூடாதும்மா. போனா நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலையை விட்டாள். இரண்டு பெண் பிள்ளைகள், வீட்டு வாடகை. ஆட்டோ ஒன்றை மட்டும் நம்பி ஓட்ட முடியுமா? அப்போதுதான் பொம்மை தைக்க ஆரம்பித்தாள். பொம்மை விற்றால் வீட்டில் உட்கார்ந்து நல்ல காற்றைச் சுவாசிக்கலாம். விற்காவிட்டால் திரும்ப அந்த ஷெட். விஷயம் இவ்வளவுதான்.

தனக்குத் திருப்தியான முதல் யானையை என்னிடம் காட்டினாள். கையில் வாங்கிப் பார்த்து அசந்துவிட்டேன். தும்பிக்கையின் வளைவில்கூடத் தையல் ஒரே அளவு.

"என்ன விலைக்குக் குடுக்கப் போறே?"

"நூத்தி நாப்பதுக்கா."

எப்படி வந்தது இந்த நூற்று நாற்பது? துணி, பஞ்சு, நூல். அப்புறம் தைக்கிற நேரம். கம்பெனியில் ஒருவர் கையில் கடிகாரத்தோடு பின்னால் நின்று, ஒரு பீஸுக்கு எத்தனை நிமிஷம் என்று குறிப்பாராம். இவள் வீட்டிலும் செல்ஃபோனில் நேரம் வைத்துக்கொண்டு தைத்திருக்கிறாள்! அந்த நிமிஷத்துக்கு, கம்பெனி கொடுத்த அதே கூலி. ஒரு பைசா ஜாஸ்தி இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். யானை நூற்று இருபது ஆகியிருந்தது.

"ஏன்டி குறைச்சே?"

"கை பழகிடுச்சுக்கா. இப்ப நேரம் கம்மியாத்தான் ஆவுது."

கை தேறத் தேற விலை இறங்குகிறது! இப்படியே போனால் வருஷக் கடைசியில் யானையோடு இவளே பணமும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதான் என்று திட்டினேன். சிரித்தாள். சிரித்தாலே இருமல் வரும் அவளுக்கு.

யோசனை நம்பர் ஒன்று: பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடந்தது, அதில் ஒரு டேபிள் பிடித்துக் கொடுத்தேன். அவள் எழுதிய விலைச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு முந்நூறு என்று நானே எழுதி ஒட்டினேன்.

வந்தவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். "அழகா இருக்கே" என்றார்கள். ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு அம்மா கேட்டார்: "மிஷின் தையல்தானே?"

"இல்லீங்க, கைத் தையல்."

"சும்மா சொல்லாதம்மா. லாங் பஜார்ல இதே மாதிரி நூறு ரூபாய்க்குத் தொங்குது."

எஸ்தர் குனிந்து யானைகளை வரிசைப்படுத்தினாள். அவளுக்கு அது பாராட்டாகத்தான் பட்டிருக்கிறது. பதினாலு வருஷமாக மிஷின் மாதிரி தைக்கத்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? சாயங்காலம் மூன்று யானை விற்றிருந்தது. அதில் ஒன்றை வாங்கியது நான்.

யோசனை நம்பர் இரண்டு. இதுதான் குடியைக் கெடுத்தது.

எங்கள் வேலூருக்கு வராத மனிதர் யார்? ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள், ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி டெஸ்ட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? என் தங்கைக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தார். சென்னையில் கைவினைப் பொருள் கடை வைத்திருக்கிறவர். ரிப்போர்ட் வர நேரமாகும் என்றதும் விடாமல் எஸ்தர் வீட்டுக்கு இழுத்துப் போனேன்.

யானைகளை வரிசையாக வைத்தாள் எஸ்தர். அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்தார், வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"ரொம்ப பர்ஃபெக்ட்டா இருக்குங்க" என்றார். குறை சொல்கிற குரலில்! "கடையில வெச்சா சைனா பொம்மைம்பாங்க."

அப்போது அவர் கண் மூலையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையில் விழுந்தது. "அது என்ன?"

"அது ரிஜெக்ட்டுங்க" என்று எஸ்தர் அவசரமாகப் பையைப் பின்னால் தள்ளினாள். உள்ளே ஐந்து யானை. ஆரம்பத்தில் கை பழகாதபோது தைத்தவை. ஒன்றுக்கு இடது காது கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. இன்னொன்றுக்கு வயிற்றில் தையல் பிசகு. வெளியே விட மனசில்லாமல் ஒதுக்கி வைத்திருக்கிறாள்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஐந்தையும் எடுத்துக்கொண்டார். ஒன்றுக்கு நானூற்று ஐம்பது! காது இறங்கிய யானையைத் தூக்கிப் பிடித்து, "இந்த மாதிரி நாப்பது பண்ணிக் குடுங்க. கை பட்டது தெரியணும்" என்றார். அந்த ஒன்றை மட்டும் மாதிரிக்கு விட்டுவிட்டுப் போனார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எஸ்தர் மட்டும் குழப்பமாக நின்றாள். "ஏன்க்கா... டேமேஜ் பீஸை ஜாஸ்தி விலைக்கு விக்கிறது ஏமாத்தறது இல்லியா?"

"உனக்கு ஏன்டி அந்தக் கவலை? கேட்டதைக் குடு."

கேட்டதைத்தான் கொடுத்தாள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுக்காரர் ஒரு ஷூவைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கட்டுவார். அதற்குப் பெயர் அப்ரூவல் சாம்பிள். அதற்கப்புறம் பத்தாயிரம் ஜோடி தைத்தாலும் அத்தனையும் அந்த சாம்பிள் மாதிரியே இருக்க வேண்டும். மயிரிழை மாறக் கூடாது. எஸ்தர் அந்த அம்மா விட்டுப்போன யானையை ஆணியில் மாட்டினாள். ஸ்கேல் வைத்து அளந்தாள். காது மூன்று மில்லிமீட்டர் கீழே. அட்டையில் வெட்டி அளவு எடுத்துக்கொண்டாள்.

நாற்பது யானை. நாற்பதிலும் இடது காது மூன்று மில்லிமீட்டர் கீழே. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஃபோன் வந்தது. "என்னங்க இது, எல்லா யானைக்கும் ஒரே இடத்துல கோணல்? அச்சுல வார்த்த மாதிரி இருக்கே!" அந்த அம்மா கெட்டவர் இல்லை. பத்தை வைத்துக்கொண்டு அதற்குப் பணம் அனுப்பினார். முப்பது திரும்பி வந்தது. "ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி இருந்தா மறுபடி எடுத்துக்கறேன்" என்றும் சொன்னார்.

நாம் எல்லோரும் இப்போது "ஹேண்ட்மேட்" கேட்கிறோம். கையால் செய்தது என்று தெரிய வேண்டும். ஆனால் கைக்கு வேலை தெரியும் என்று தெரியக் கூடாது. கை நடுங்கினால் கலை. நடுங்காவிட்டால் சைனா. இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்றைக்கு நான் நியாயம் பேசவில்லை. நேராக எஸ்தர் வீட்டுக்குப் போனேன். கோபமாகப் போனேன்.

"ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு மாதிரி கோணலா தைக்க வேண்டியதுதானே? நல்லா தைக்கிறதுதான் கஷ்டம். கோணலா தைக்கிறதுகூடவா கஷ்டம்?"

என் எதிரிலேயே ஒரு யானையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். நாலு தையல் கோணலாகப் போட்டாள். ஐந்தாவது தானாக நேராகிவிட்டது. பிரித்தாள். மறுபடி போட்டாள். மறுபடி பிரித்தாள். சாதாரணமாகத் தைப்பதைவிட மூன்று பங்கு நேரம் ஆயிற்று. கடைசியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, "முடியலக்கா. கை கூசுது" என்றாள்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "பிழைக்கத் தெரியாதவ" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

அடுத்த பத்தாம் நாள்தான் அந்த அட்டைப்பெட்டி வந்தது.

நேற்று சாயங்காலம் ஹைவே ஓரம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். ஒரு மன்னிப்பு கேட்கலாம் என்றுதான். பஸ் வந்தது. எஸ்தர் கடைசியாக இறங்கினாள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது.

"என்னடி, இப்பவே இப்படி இருக்கே?"

"ஜன்னலோரமாத்தான் உட்கார வெச்சிருக்காங்கக்கா. ஆனா ஒரே ஷெட்டுதானே."

"டாக்டர்கிட்ட போலாம் வா."

"சம்பளம் வரட்டும்க்கா."

நடந்தோம். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. நான் மன்னிப்புக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அவளே பேசினாள். திரும்பப் போன முதல்நாளே அவள் தைத்த ஷூவை சூப்பர்வைசர் கையில் எடுத்து, லைன் முழுக்க எல்லோருக்கும் காட்டினாராம். "ஏழு மாசம் வீட்ல இருந்துட்டு வந்திருக்கா, கை மாறவே இல்ல, பாருங்க" என்றாராம். சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பொம்மை விற்ற காலத்தில் ஒருநாள்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

சந்தோஷத்தில் இருமல் வந்துவிட்டது. நின்று, இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அங்க யாரும் என்னைக் கோணலா தைக்கச் சொல்லலக்கா."

சொன்னது நான் ஒருத்திதான்.