மருதாசலக் கவுண்டர் அணைத்த சூடம்

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே பருத்திக்காடு வைத்திருந்த மருதாசலக் கவுண்டர் வாக்குத் தவறாத மனுஷர். மாரியாத்தாளுக்குச் சேவல் விடுகிறேன் என்று வாய் தவறிச் சொன்னாலும், கோயில் வாசலில் சேவலோடு நிற்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், சுற்றுவட்ட நிலத்துக்கெல்லாம் வரி வாங்கும் மிட்டாதார் ஏரி மதகைச் சரிபண்ணிக் கொடுத்தார். வாடின பயிர் நிமிர்ந்தது. அந்தப் பூரிப்பில் கவுண்டர், மிட்டாதார் பார்த்திருக்க, அம்மன் முன்னால் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "கட்டை சாயற வரைக்கும் என்ற ஓட்டு எசமாங்களோட ஜஸ்டிஸ் கட்சிக்குத்தானுங்க!" என்று சத்தியம் பண்ணிவிட்டார்.

முப்பத்தேழு எலெக்‌ஷனில் வந்தது பாருங்கள், காங்கிரஸின் மஞ்சள் பெட்டி! கட்சிக்கொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி. ஊரே மஞ்சளில் முங்கி எழுந்தது. மாட்டுக் கொம்பு மஞ்சள், வண்டிச் சக்கரம் மஞ்சள். முதல் தடவையாக ஓட்டு வந்த அவர் சம்சாரம் சென்னியம்மாள், சேலையையே மஞ்சளில் முக்கிவிட்டாள்.

கவுண்டருக்கும் ஆசை பிய்த்துக்கொண்டு போனது. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது, "மஞ்சப் பெட்டீய்!" என்று தன்னை மறந்து பாடுவார். உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வார். மாடுகள் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

"ஏனுங்க மாமோய், பாட்டு ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கமுங்களா?" என்று சிரித்தாள் சென்னியம்மாள்.

"சூடம் அணைச்சது நானு புள்ளே. ஆத்தா கண்ணைப் புடுங்கிப் போடுவா!"

பூசாரி அப்புசாமிதான் வழி சொன்னார். சத்தியத்தை வாங்கினவர் முன்னால் மறுபடி சூடம் ஏற்றி, அவர் வாயால் மூன்று தடவை "விட்டேன்" என்று சொல்லவேண்டும்.

தட்டில் சூடமும் வெற்றிலைபாக்குமாகக் கவுண்டர் வண்டி கட்டிக்கொண்டு மிட்டாதார் வீட்டுக்குப் போனார். "எசமாங்க ஊருல இல்லீங்க" என்றான் வேலையாள். கதவிடுக்கில் எசமானின் சந்தனம் பூசிய கால்விரல்கள் தெரிந்தன.

"எசமாங்க, காலு தெரியுதுங்க" என்றார் கவுண்டர் மெதுவாக.

கதவு திறந்தது. அரையில் சரிகை வேட்டி போய்க் கதர் வந்திருந்தது. மிட்டாதாரின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"மருதாசலம், சூடத்தோட வந்து எம் மானத்தை வாங்காதே சாமி! நேத்துத்தான் நானே மஞ்சப் பெட்டிக்குப் போயிட்டேன். சத்தியம் பண்ணுனவங்க மொகத்துல எப்படி முழிப்பேன்னுதான் ஒளிஞ்சிருந்தேன்!"

கவுண்டருக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது சிரிப்பு. தட்டு ஆடியது, பாக்கு உருண்டது.

"நானும் அதைக் கேக்கத்தானுங்க வந்தேன்! சொல்லுங்க எசமாங்க, சீக்கிரம்!" என்று சூடத்தை ஏற்றி நீட்டினார் கவுண்டர்.

"விட்டேன், விட்டேன், விட்டேன்!" என்று மிட்டாதார் ஒரே மூச்சில் சொன்னார். சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. கவுண்டர் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டும் இருந்தன.

மிட்டாதாருக்கோ அதற்குள் தெம்பு வந்துவிட்டது. இன்னொரு வில்லை சூடத்தை எடுத்து ஏற்றினார். "அப்படியே மஞ்சப் பெட்டிக்கும் கட்டை சாயற வரைக்கும்னு ஒண்ணு அணைச்சுப்போடு."

கவுண்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வாசல்வரைக்கும் பின்வாங்கினார்.

"ஓட்டு போட்டுப்போடறனுங்க எசமாங்க. அடுத்த எலெக்‌ஷனை அப்பப் பாத்துக்கலாமுங்க!"

வண்டியேறினவர், மாடுகள் மிரள மிரள வழியெல்லாம் பாடிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்.