இறுதிப் போட்டியில் அந்தோனியோவை இறக்கினேன்

கடந்த வருடம் வாடைக்காற்று தொடங்குகிற காலம். மன்னார்த் தீவில் பேசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அன்று சனிக்கிழமை. நான் படிப்பிக்கிற முன்பள்ளிக்கு விடுமுறை. அதனால்தான் என் கணவருடைய காற்பந்து அணி அன்று என் பொறுப்பில் இருந்தது.

அணி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கைபேசிக்குள் இருக்கிற அணிதான். இந்த விளையாட்டில் நாங்கள் பந்து உதைப்பதில்லை. வீரர்களை வாங்கி, யார் எங்கே நிற்பது, தாக்குவதா தடுப்பதா என்று தீர்மானித்துக் கொடுத்தால், குறித்த நேரத்துக்குப் போட்டி தானாகவே நடக்கும். நடக்கும்போது வேண்டுமானால் ஆளை மாற்றலாம். ஒருகாலத்தில் ஊர்க் கழகத்துக்கு ஆடியவர்கள் எல்லோரும் சேர்ந்து இதில் ஒரு லீக் வைத்திருக்கிறார்கள். பாதிப்பேர் என் கணவரைப் போல இங்கே கடலில் மீன்பிடிக்கிறவர்கள், மீதிப்பேர் பிரான்சிலும் கனடாவிலும்.

என் கணவரின் அணியில் அந்தோனியோ என்று ஒரு முன்வரிசை ஆட்டக்காரர் இருந்தார். புனித அந்தோனியார் திருநாளன்று, பெயருக்காகவே வாங்கிய ஆள். வயது போனவர். நற்கருணை வாங்க வரிசையில் நிற்கிறவர்களைப் போல மெதுவாக நகருவார். ஆனாலும் எந்தப் போட்டியிலும் அவரை வெளியே இருத்த என் கணவருக்கு மனம் வராது. படகிலும் அந்தோனியார் படம், அணியிலும் அந்தோனியோ.

நான் விடுவேனா? தொலைந்ததையெல்லாம் தேடித் தருகிற அந்தோனியாருக்கு எதிரணியின் கோல் கம்பம் மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை என்று கேட்பேன். நானும் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவள்தான். ஆனால் புனிதரைக் கைபேசிக்குள் கொண்டுவந்து ஓடவிடுவது எனக்குச் சிரிப்பாக இருந்தது. என் கணவர் கோபிக்க மாட்டார். சிரித்துவிட்டு மறுபடியும் அந்தோனியோவையே நிறுத்துவார்.

அந்த முறை எப்படியோ இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார். எதிர்த்து நிற்பது பாரிசில் இருக்கிற அவருடைய மச்சான். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே ஒருவரை ஒருவர் வெல்லத் துடிக்கிறவர்கள். அந்த வாரம் முழுக்கக் கரையில் வலையிலிருந்து மீனைத் தெரிந்தெடுக்கிறபோதும் சரி, சாப்பிடுகிறபோதும் சரி, என் கணவர் யோசனையில்தான் இருந்தார். மச்சானுடைய தடுப்பாட்டக்காரர்கள் நடுக்கோடு வரை ஏறி வருகிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் வெற்றிடம் கிடக்கும். அந்த இடத்துக்குள் ஓடக்கூடிய ஒரு வேகமான ஆளை முன்னால் விட்டு, மற்றவர்களைப் பின்னால் நிறுத்தினால் வெல்லலாம். அதற்கு அந்தோனியோ சரிவர மாட்டார்.

கடைசியில் வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரை வெளியே எடுத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவேண்டாம். இனியாவது புத்தி வந்ததே என்று ஒரு பிளேன்டீ கூடுதலாகவே ஊற்றிக் கொடுத்தேன்.

கடலுக்குப் போகும்போது அவர் பட்டன் போனைத்தான் கொண்டுபோவார். பெரிய போன் உப்புத் தண்ணீருக்குத் தாங்காது என்று வீட்டில் இருக்கும். சனிக்கிழமை விடியப் போகும்போது, ஒன்றையும் மாற்றாதே, பார்த்துக்கொண்டு மட்டும் இரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டி முற்பகலில் தொடங்கியது. அவர் நினைத்தபடியே நடந்தது. வேகக்காரப் பொடியன் அந்த வெற்றிடத்துக்குள் ஓடி முதல் கோலை அடித்தான். நான் தனியே இருந்து கைதட்டினேன்.

அந்த நேரம்தான் கூரைத் தகரம் அடிக்கத் தொடங்கியது. வாடை இப்படி ஒரேயடியாக எழும்புவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் வெளியே வந்து பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் போனேன். கடலிலிருந்து அவர் கூப்பிட்டால் பேசலாம் என்று அந்தப் பெரிய போன் கையிலேயே இருந்தது.

படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. எங்களுடையது வரவில்லை. வந்தவர்களைக் கேட்டால், பின்னால் வந்துகொண்டிருந்தவர், இடையில் காணவில்லை என்றார்கள். அவருடைய பட்டன் போனுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தேன். இணைப்புக் கிடைக்கவில்லை. கடல் கறுத்துக் கிடந்தது.

போனைப் பார்த்தேன். போட்டி இன்னும் நடந்துகொண்டிருந்தது. நாங்கள்தான் முன்னிலையில். கீழே, வெளியே இருத்தப்பட்டவர்களின் வரிசையில் அந்தோனியோவின் பெயர்.

அன்றைக்கென்று பார்த்தா அவரை வெளியே இருத்தினோம் என்று ஒரு எண்ணம் வந்தது. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று நான் கேலியும் பகிடியும் பண்ணினதெல்லாம் நினைவுக்கு வந்தது. இது விளையாட்டு, அது கடல், இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பொடியனை வெளியே எடுத்துவிட்டு அந்தோனியோவை உள்ளே இறக்கினேன். அதற்குப் பிறகு போனில் போட்டியைப் பார்க்கவில்லை. கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் ஆகிறபோது இன்னொரு படகு எங்கள் படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய் நடுக்கடலில் நின்றுவிட்டதாம். அவர் நனைந்து நடுங்கிக்கொண்டு இறங்கினார். எல்லோருக்கும் முன்னால் நான் அழுதேன். வெட்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு தின்றபிறகுதான் அவர் போனை எடுத்தார். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றிருந்தோம். ஓடுகிற பொடியன் போனதும் பயம் விட்டுப்போய், மச்சானுடைய ஆட்கள் முழுப்பேரும் ஏறி வந்து அடித்திருக்கிறார்கள். என் கணவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நீ இதையெல்லாம் நம்புறேல்லை எண்டெல்லே சொன்னனீ?" என்றார்.

"நம்பி மாத்தேல்லை. எனக்கு வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை," என்றேன்.

பின்னேரம் மச்சான் பாரிசிலிருந்து போனில் கூப்பிட்டார். அவருக்குக் கடலில் நடந்தது ஒன்றும் தெரியாது. வெல்லுகிற நேரத்தில் எந்த விசரன் அந்தக் கிழவனை இறக்கியது என்று கேட்டுச் சிரித்தது எனக்கும் கேட்டது. நான் அடுப்படியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"நான்தான், மச்சான், இறக்கச் சொன்னனான்," என்றார் என் கணவர்.

அந்தோனியோ இன்னமும் அணியில் இருக்கிறார், நாங்களும் வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருக்கிறோம். வெல்லுகிறதற்கு யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று இன்றைக்கும் கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியும். ஆனால் பயந்துபோன ஒருவர் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டால், அதைப் பகிடி பண்ண எனக்கு இப்போது வாய் வருவதில்லை.