ஸ்வேயா கேட்ட மறைப்பு

ஸ்வேயா லிண்ட்மார்க் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையல்காரி. அவள் வைக்கும் பட்டாணி சூப்பில் குறை சொல்ல முடியாது. வாயை மூட மட்டும் தெரியாது. தேர்தல் நாளில் பள்ளிக்கூட ஜிம்மில் ஓட்டுக் கவர் கொடுப்பவளும் அவள்தான்.

சுவீடனில் ஒவ்வொரு கட்சிக்கும் தனி ஓட்டுச்சீட்டு. எல்லாம் வாசலருகே ஒரு மர அடுக்கில் இருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு தடுப்புக்குள் போய்க் கவரில் போட வேண்டும். எதை எடுக்கிறோம் என்று வரிசையே பார்க்கும். மறைக்க நினைப்பவர்கள் எல்லாக் கட்சியிலும் ஒவ்வொன்று எடுப்பார்கள். அப்படி எடுத்தாலும் ஊர் காதைக் கடிக்கும்.

அந்த அடுக்குக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்று நகராட்சிக்கு எட்டு வருஷம் எழுதினாள் ஸ்வேயா. நான் கட்சிக் கிளைச் செயலாளன். தேர்தல் அன்று நாள் முழுக்க வாசலில் நிற்பவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தேர்தலில் ஓட்டு வரிசையில் நின்றபடியே அவளிடம் கேட்டேன்.

"நாங்க என்ன திருடுறோமா, ஒளிஞ்சு எடுக்க?"

"நீ ஒளிய வேண்டாம் ஹில்டிங். உன் பின்னால நிக்கிறவங்களக் கேளு."

பின்னால் நின்றது என் மனைவி லில்லமோர். நான் எடுத்த சீட்டையே அவளும் எடுத்தாள், வழக்கம்போல.

கடைசியில் நாட்டுக்கே சட்டம் மாறியது. எழுதியது ஸ்வேயா மட்டும் இல்லை போலிருக்கிறது. அடுத்த தேர்தலில் அடுக்கைச் சுற்றி மறைப்பு. ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். நான் அரை நிமிஷத்தில் வந்துவிட்டேன். எனக்குப் பின் உள்ளே போன லில்லமோர் வெளியே வரவேயில்லை.

"உள்ள என்ன ரொட்டியா சுடுறா?" என்றேன்.

"நிதானமா பாக்கட்டும். இன்னைக்குத்தானே பாக்குறா" என்றாள் ஸ்வேயா. சுருக்கென்றது.

எட்டு மணிக்குக் கதவைச் சாத்தி அங்கேயே எண்ணினார்கள். போன தேர்தலைவிட எங்கள் கட்சிக்குப் பதினான்கு ஓட்டு குறைந்தது. ஒன்று யாருடையது என்று ஊகித்தேன். மற்ற பதின்மூன்று பேர் யாரென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் வாசலில் யாருக்குப் பயந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது, யாருக்குப் போட்டாய் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "நம்ம ஊருக்கு என்ன வேணும்னு நீ நினைக்கிற?" என்றேன்.

கல்யாணமான நாற்பத்தொரு வருஷத்தில் நான் இப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. லில்லமோர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். வீடு வந்தும் முடியவில்லை. படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.