கேட்ட மன்னிப்பும் கிடைத்த மன்னிப்பும்

பெரில் ஹெல்லிவெல்லுக்கு முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை. யார்க்‌ஷயர் மலைகளுக்கு நடுவே இருக்கும் மில்ஷா என்ற சின்ன ஊரில் குளிர்காலம் என்றால், அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போதே இருட்டியிருக்கும். அதற்குள் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கேட்டை ஊர் மன்றம் பூட்டியிருக்கும். அந்தக் கேட்டுக்கு உள்ளேதான், மேட்டின் ஓரத்தில், அவள் கணவர் நார்மனைப் புதைத்திருந்தார்கள். மண்ணே இன்னும் சரியாக அமுங்கவில்லை.

பெரில் மன்றக் கூட்டத்துக்குப் போனாள். அங்கே பொதுமக்களில் யாரும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். கேட்டை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டாள். அதற்கு மூன்று நிமிடம் தேவைப்படவில்லை.

கல்லறைத் தோட்டம் கவுன்சிலர் கீத் ஆர்மிட்டேஜின் பொறுப்பு. குழாய் ரிப்பேர் செய்கிறவர். எந்தக் கூட்டத்திலும் ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிடுவார் என்று பேர்.

"சனிக்கிழம வாயேன். நார்மன் இனிமே எங்கயும் ஓடிப் போயிட மாட்டாரு, கண்ணு."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரிய சிரிப்பெல்லாம் இல்லை, மூக்கால் விட்ட சிரிப்பு. பெரிலும் பழக்கத்தில் கொஞ்சம் சிரித்துவிட்டாள். வீடு வந்து சேர்ந்த பிறகு அவளால் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

ஏனென்றால் கடைசி இரண்டு வருஷம் நார்மன் ஓடிப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஞாபகம் கலைந்துபோய், எப்போதோ மூடிவிட்ட நூற்பாலைக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுச் செருப்போடு கிளம்பிவிடுவார். ஊரே டார்ச் லைட்டோடு தேடும். சிரித்தவர்களில் தேடாதவர் ஒருவரும் இல்லை.

ஊர் மன்றத்துக்கு மேலே இருக்கும் மாவட்ட மன்றத்துக்கு அவள் புகார் எழுதப் போவதைக் கேட்டதும், அவளோடு படுக்கை விரிப்பு மடிக்கிற ஆட்ரி முகத்தைச் சுளித்தாள்.

"விட்டுத் தொலை பெரில். கீத்துக்கு வாய்தான் அப்படி. மனசு நல்ல மனசு."

"மனசப் பத்தி யாரு புகார் குடுக்குறா? வாயப் பத்திதான் குடுக்குறேன்."

அவர் சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல் எழுதினாள். படிவத்தில் என்ன வேண்டும் என்று கேட்ட இடத்தில் 'மன்னிப்பு' என்று எழுதினாள். நார்மன் காணாமல் போனதையும் ஊர் தேடியதையும் எழுதவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம், அதைப் போய் எழுதுவானேன் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் அதைப் படித்த அதிகாரி மில்ஷாக்காரர் இல்லை. தெற்கேயிருந்து வந்தவர். அந்த வாக்கியத்தில் அவர் கண்ணில் பட்ட தப்பு ஒன்றே ஒன்று. நேரம் பற்றிய பதில் சற்று முரட்டுத்தனமானது, ஆனாலும் பதில்தான் என்று தள்ளிவிட்டார். கேள்வி கேட்ட ஒரு பெண்ணைப் பொதுக் கூட்டத்தில் 'கண்ணு' என்று அழைத்தது நடத்தை விதிக்கு முரண் என்று முடிவு செய்தார். தங்களைப் பொருத்தமற்ற சொல்லால் விளித்தமைக்கு வருந்துகிறேன் என்று கீத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளூர்ப் பேப்பரிலும் ஒரு மூலையில் செய்தி வந்துவிட்டது.

அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் டிரைவர், தபால்காரி, பல் பிடுங்குகிற டாக்டர், எல்லோரும். அதில் அன்பும் கிடையாது, அவமரியாதையும் கிடையாது.

கறிக்கடை டிரெவர்தான் ஆரம்பித்து வைத்தான். "சாசேஜ்தானே, திருமதி ஹெல்லிவெல்?"

"என்னைக்குடா நான் உனக்குத் திருமதி ஆனேன்?"

"எதுக்கு வம்பு? கண்ணுன்னு கூப்பிட்டா நாளைக்கு என் கத்தியப் புடுங்கிட்டுப் போயிடுவாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பஸ் டிரைவர் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு வாரம் இப்படியே போனபோது பெரிலுக்கு ஒன்று புரிந்தது. நார்மன் போன பிறகு அவளிடம் யாரும் மிருதுவாகப் பேசியது அந்த ஒரு சொல்லில்தான். சொல்கிறவர்கள் யோசித்துச் சொன்னதில்லை, அவளும் யோசித்துக் கேட்டதில்லை. இப்போது அதுவும் நின்றுபோயிற்று. அதைப் பறித்தது அவள்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

"கேட்ட மன்னிப்பு கெடச்சுதுல்ல? அப்புறம் என்ன?" என்றாள் ஆட்ரி.

"நான் கேட்டது அது இல்லடி."

அடுத்த கூட்டத்தில் பெரில் மறுபடி எழுந்தாள்.

"கண்ணுன்னு கூப்பிட்டதுக்காக நான் புகார் குடுக்கல. அதுக்கு முன்னாடி சொன்னதுக்குத்தான். கீத், நார்மன் ஒரு தடவ காணாமப் போனப்ப, ஏரிக்கரை ரோட்டுல இருந்து வேன்ல ஏத்திக்கிட்டு வந்தது யாரு?"

கீத் தண்ணீர்க் கிளாஸை நகர்த்தி வைத்தார். "நான்தான்."

"உன் கோட்டக் கழட்டி அவருக்குப் போட்டு விட்டிருந்த."

"மழை பெஞ்சுது."

"வேற எவனாவது அதச் சொல்லியிருந்தா வீட்டுக்குப் போய் டீயக் குடிச்சிட்டுப் படுத்திருப்பேன். சொன்னது நீ."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் அவளை நிறுத்தவில்லை.

"சும்மா வேடிக்கைக்கு..." என்று தொடங்கி கீத் நிறுத்திக்கொண்டார். "அன்னைக்கு அவரு என்கூட வண்டியில வந்தது ஞாபகத்துல இருந்துச்சு. அதனாலதான் அந்த ஜோக்கே வாயில வந்துச்சு."

"தெரியும். அதத்தான் சொல்றேன்," என்றாள் பெரில்.

மன்றச் செயலர் பேனாவை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை நான் எப்படிப் பதிவு பண்றது, கவுன்சிலர்?"

"நார்மன் ஹெல்லிவெல்லப் பத்தி நான் சொன்னது தப்பு, அதத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதுங்க. அவரு பேரப் போட்டே எழுதுங்க."

செயலர் எழுதினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பெரில் உட்கார்ந்தாள். கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்ற பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அடுத்து, தெருவில் நாய்க் கழிவைப் போடும் தொட்டிகளைப் பற்றிய விவாதம் தொடங்கியது. பாதியில் எழுந்து போவது மரியாதையில்லை என்று, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.